கருவி 61 மணி நேரம் ஓய்வெடுக்கச் சொல்கிறது: நோய்க்குப் பின் சைக்கிள் கம்ப்யூட்டரை எப்படிப் படிப்பது?

வேளச்சேரி விடியல் | ஜனவரி 7, காலை 10:12

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. ஆறு ஆண்டுகளாகச் சாலை சைக்கிள் ஓட்டுகிறேன். 200 கிலோமீட்டர் பிஆர்எம் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) இரண்டு முறை, பதின்மூன்றரை மணி நேரக் கெடுவுக்குள் முடித்திருக்கிறேன். சென்ற நவம்பர் முதல் வாரத்தில் டெங்கு வந்து ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்தேன். தட்டணுக்கள் ஏறி வீடு திரும்பிய பின்னும் ஆறு வாரம் சைக்கிளைத் தொடவில்லை. டிசம்பர் கடைசியில்தான், மெதுவாக ஓட்டலாம் என்று மருத்துவர் அனுமதித்தார்.

இப்போது வாரம் மூன்று நாள், விடியற்காலை ஐந்து மணிக்குத் திருவான்மியூரில் கிளம்பி முட்டுக்காடு பாலம் வரை சென்று திரும்புகிறேன். கைப்பிடியில் ஜிபிஎஸ் கம்ப்யூட்டரும் மார்பில் இதயத் துடிப்புப் பட்டையும் உண்டு. மிதிக்கும் ஆற்றலை வாட்டில் அளக்கும் பவர் மீட்டர் இல்லை. நோய்க்கு முன் இதே சாலையில் மணிக்கு 26 கிலோமீட்டர் வேகத்தில் போனால் துடிப்பு 134 அளவில் நிற்கும். இப்போது 23இல் போனாலே 151 காட்டுகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன். ஓட்டி முடித்துப் பொத்தானை அழுத்தியதும் ‘ரெகவரி 61 மணி நேரம்’ என்று வருகிறதே, அதைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஞாயிறு காலை ஏழரைக்கு வீடு சேர்ந்தால் செவ்வாய் இரவு எட்டரை வரை ஓய்வு. அதன்படி நடந்தால் வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஓட்ட முடியும். நடக்காவிட்டால் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறேனோ என்ற பயம். உடல் தேறுகிறதா என்பதை அறிய இந்தத் திரையில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும், எதைப் புறக்கணிக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சங்கிலி எண்ணெய் | ஜனவரி 7, பிற்பகல் 1:35

நலம் பெற்றதில் மகிழ்ச்சி நண்பரே. முதலில் ஒரு கேள்வி: உங்கள் கருவியில் அதிகபட்ச இதயத் துடிப்பு என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது? அதைப் பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

அதற்குள், அந்த 61 எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கடும் உழைப்புக்குப் பிறகு, மூச்சு அடங்கிய பின்னும், உடல் சிறிது நேரம் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆக்சிஜனை எடுத்துக்கொண்டிருக்கும். அந்தக் கூடுதல் எவ்வளவு என்பதை நேரடியாக அளக்க முகமூடியும் ஆய்வகமும் வேண்டும். ஆனால் ஓட்டும்போது பதிவாகும் இதயத் துடிப்பின் போக்கிலிருந்தே அதை ஓரளவு ஊகிக்கலாம் என்பது, ஃபின்லாந்தின் யூவாஸ்கூலா நகரில் தொடங்கிய ஃபர்ஸ்ட்பீட் நிறுவனத்தின் வழிமுறை. சைக்கிள் கம்ப்யூட்டர்கள் செய்யும் கார்மின் நிறுவனத்தின் கருவிகளில் உள்ள ரெகவரி கணக்குக்கு அதுதான் வேர். 2020இல் கார்மின் அந்தப் பிரிவையே வாங்கிவிட்டது. ஆக, திரையில் வருவது உங்கள் தசைகளுக்குள் எட்டிப் பார்த்துச் சொன்ன சேதி அல்ல. நீங்கள் கொடுத்த வயது, எடை, அதிகபட்சத் துடிப்பு ஆகியவற்றை வைத்துக்கொண்டு, அன்றைய துடிப்பு உங்களுக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று போட்ட மதிப்பீடு. கொடுத்த எண் தவறானால் வரும் எண்ணும் தவறாகும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. அந்த நேரம் முடியும்வரை சைக்கிளைத் தொடக்கூடாது என்று பொருள் இல்லை. அடுத்த கடும் பயிற்சிக்கு நீங்கள் ஆயத்தமாக எவ்வளவு நேரம் ஆகும் என்பதே அதன் பொருள். இடையில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓட்டும் அளவுக்கு இலேசான ஒரு மணி நேரம் அந்தக் கணக்கில் தடை செய்யப்பட்டதல்ல.

வைகைக்கரை 58 | ஜனவரி 7, இரவு 8:04

தம்பி, நான் மதுரைக்காரன். முப்பத்திரண்டு ஆண்டுகளாகச் சைக்கிள் ஓட்டுகிறேன், கருவி எதுவும் கிடையாது. காலையில் கண் விழித்ததும் படுக்கையை விட்டு எழாமல், எதிரில் மாட்டியிருக்கும் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டு மணிக்கட்டில் அறுபது நொடி நாடி எண்ணுவேன். வழக்கமாக 56, 57 இருக்கும். 63ஐத் தாண்டினால் அன்றைக்கு மார்க்கெட்டுக்குப் போய் வருவதோடு சரி. நாடி, முந்தைய இரவு உறங்கிய நேரம், படியேறும்போது தொடை எப்படி இருக்கிறது என்ற ஒரு சொல், இவ்வளவையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைக்கிறேன். நம் உடம்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை ஒரு திரையிடம் போய் அனுமதி கேட்பதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்டெதஸ்கோப்பும் சைக்கிளும் | ஜனவரி 8, காலை 6:50

பொது மருத்துவம் பார்ப்பவன், ஓய்வு நாட்களில் சைக்கிள் ஓட்டுபவன் என்ற இரண்டு தகுதியில் எழுதுகிறேன்.

துடிப்பு 134இலிருந்து 151க்கு உயர்ந்ததற்குப் பெரும்பாலும் எளிய காரணம் இருக்கலாம். பயிற்சியை நிறுத்திய இரண்டு மூன்று வாரங்களுக்குள்ளாகவே இரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி, அதாவது பிளாஸ்மா, குறைந்துவிடுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே தள்ளும் இரத்தத்தின் அளவு குறைவதால், அதே வேலைக்கு அதிக முறை துடிக்க வேண்டியிருக்கிறது. நன்கு பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை நிறுத்தினால் என்ன ஆகிறது என்று உடற்பயிற்சி ஆய்வாளர் எட்வர்ட் காயில் குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், அதிகபட்ச ஆக்சிஜன் உள்ளெடுப்பு முதல் 21 நாளில் 7 விழுக்காடும், 56 நாளில் 16 விழுக்காடும் குறைந்திருந்தது. அவர்கள் நோயாளிகள் அல்லர், சும்மா இருந்தவர்கள்தான். நீங்கள் காய்ச்சலோடும் படுத்திருந்தீர்கள். எனவே 17 துடிப்பு கூடியதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை.

ஆனால் ‘பெரும்பாலும்’ என்று சொன்னதைக் கவனியுங்கள். டெங்குவுக்குப் பின் சிலருக்கு இதயத் தசையில் அழற்சி ஏற்படுவதுண்டு; அதை எந்தச் சைக்கிள் கம்ப்யூட்டரும் கண்டுபிடித்துச் சொல்லாது. நெஞ்சில் அழுத்தம், படபடப்பு, தலைசுற்றல், படுத்திருக்கும்போதும் மூச்சு முட்டுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும், வேகத்தைக் கூட்டும் முன் ஒரு ஈசிஜி எடுத்துக்கொள்வது நல்லது. எடுத்தீர்களா?

வைகைக்கரை ஐயாவின் நோட்டு முறையை நான் என் நோயாளிகளுக்கும் சொல்வதுண்டு. படுக்கையில் எண்ணும் நாடிக்கு இன்றும் மதிப்பு குறையவில்லை.

வேளச்சேரி விடியல் | ஜனவரி 8, இரவு 9:20

சங்கிலி எண்ணெய் அவர்களே, உங்கள் சந்தேகம் சரி. கருவியில் அதிகபட்சத் துடிப்பு 173 என்று இருக்கிறது. 220இலிருந்து என் வயதைக் கழித்து அதுவே போட்டுக்கொண்ட எண். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏலகிரி ஏறும்போது, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் கடைசி இரண்டில் நண்பர் ஒருவரைத் துரத்திக்கொண்டு போனபோது 186 பதிவாகியிருக்கிறது. பழைய கோப்பைத் திறந்து இப்போதுதான் பார்த்தேன்.

புதிய உச்சம் வந்தால் தானாகவே மாற்றிக்கொள்ளும் வசதி கருவியில் உண்டு. அதை நான்தான் அணைத்து வைத்திருந்தேன். காரணம் ஒரு வேடிக்கை. ஒரு நாள் காலை, வீட்டை விட்டுக் கிளம்பிய ஐந்தாவது நிமிடத்தில், சமதளத்தில், துடிப்பு 221 என்று காட்டியது. நானும் பயந்துபோய் ஓரமாக நிறுத்தி, கழுத்தில் விரலை வைத்து எண்ணினால் நூற்றுச் சொச்சம்தான். அதன்பின் கருவியின் புத்தியை நம்ப வேண்டாம் என்று அணைத்தேன். எண்ணைக் கையால் திருத்த வேண்டும் என்பது தோன்றவில்லை.

சங்கிலி எண்ணெய் | ஜனவரி 8, இரவு 10:02

அது பட்டையின் உள்பக்கம் உலர்ந்திருந்ததால் வந்தது. வியர்வை ஊறும்வரை அந்த ரப்பர்த் தகடுகளுக்கும் தோலுக்கும் இடையே மின்தொடர்பு சரியாக அமையாது. அதற்கு மேல் பாலியெஸ்டர் ஜெர்சி காற்றில் படபடத்து நிலைமின்சாரத்தை உண்டாக்கினால், கருவி அதையும் துடிப்பு என்று எண்ணிக்கொள்ளும். மாட்டுவதற்கு முன் தகடுகளைத் தண்ணீரால் நனையுங்கள். வாரம் ஒருமுறை பட்டையை அலசிக் காயப்போடுங்கள். உப்புப் படிந்த பட்டையால் வந்த வினையை இதய நோய் என்று எண்ணி இரவெல்லாம் விழித்திருந்தவர்களை நான் அறிவேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 173ஐ உச்சமாக வைத்தால் உங்கள் 151 என்பது 87 விழுக்காடு; கருவியின் பார்வையில் நீங்கள் வாரம் மூன்று நாள் பந்தயம் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். 186 என்று திருத்தினால் அதே 151 என்பது 81 விழுக்காடு. திருத்திவிட்டு அடுத்த இரண்டு மூன்று ஓட்டங்களைப் பாருங்கள். வயதைக் கழிக்கும் அந்தச் சூத்திரம் ஒரு கூட்டத்தின் சராசரி. தனி மனிதருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படியும் அப்படியும் விலகுவது மிகச் சாதாரணம். ஆனால் உச்சத்தைச் சோதிக்கிறேன் என்று இப்போது எங்கும் மலையேறிவிடாதீர்கள்.

மருதமலைச் சாலை | ஜனவரி 10, பிற்பகல் 3:15

கோவையிலிருந்து எழுதுகிறேன். எனக்கு 39 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடது முழங்காலில் தசைநார் அறுந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. தேறும் காலம் முழுவதும் பவர் மீட்டரோடு ஓட்டியவள் என்ற முறையில், பவர் மீட்டர் இருந்தால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று எண்ணுபவர்களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும்.

என் மீட்டர் இடது கிராங்கில், அதாவது பெடலைத் தாங்கும் தண்டில், மட்டும் ஒட்டப்பட்ட வகை. அது இடது கால் தரும் விசையை அளந்து, இரண்டால் பெருக்கி, மொத்தம் இவ்வளவு என்று காட்டும். இரு கால்களும் சமம் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நான்காவது மாதம், வழக்கமான முயற்சியில் 126 வாட்தான் வந்தது. ஏழாவது மாதம் அது 144 ஆனது. 14 விழுக்காடு முன்னேற்றம் என்று வீட்டில் பாயசம் வைக்காத குறை. பிறகு ஒரு தோழியின் இருபக்க பெடல் மீட்டரில் ஓட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தொடக்கத்தில் அதே பெடலில் ஒரே ஒரு நாள் ஓட்டியிருந்தேன். அன்றைய பதிவில் இடது 42, வலது 58 என்ற பங்கீடு இருந்தது. மொத்தம் 150 வாட். இடது காலின் பங்கு 63. அதை இரட்டித்தால் 126. ஏழாவது மாதத்தில் பங்கீடு 48க்கு 52 ஆகியிருந்தது. மொத்தம் அப்போதும் அதே 150தான். 72ஐ இரட்டித்தால் 144. அதாவது என் நெஞ்சும் நுரையீரலும் மூன்று மாதமாக நின்ற இடத்திலேயே நின்றிருந்தன. இடது கால் மட்டும் தன் வேலையைத் திரும்பக் கற்றுக்கொண்டிருந்தது.

இது ஏமாற்றம் என்று அப்போது தோன்றியது. இப்போது யோசித்தால், எனக்கு அந்த நேரத்தில் தெரிய வேண்டியிருந்தது இடது காலைப் பற்றித்தானே! உடற்பயிற்சி சிகிச்சையாளர் அந்தப் பங்கீட்டைப் பார்த்துத்தான் ஒற்றைக்கால் பயிற்சிகளைத் தொடரச் சொன்னார். எண் சரியாகத்தான் இருந்தது, நான் அதற்குத் தவறான பெயர் வைத்திருந்தேன்.

உங்களுக்குப் பயன்படக்கூடியது வேறு ஒன்று. ஒரு மணி நேரத்துக்குக் குறையாத சீரான ஓட்டத்தை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியிலும் சராசரி வாட்டைச் சராசரித் துடிப்பால் வகுக்க வேண்டும். முதல் பாதியில் 150 வாட், துடிப்பு 138 என்றால் விகிதம் 1.087. இரண்டாம் பாதியில் 148 வாட், துடிப்பு 146 என்றால் 1.014. ஏறக்குறைய 7 விழுக்காடு சரிவு. இது 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் அந்தத் தூரத்துக்கு உங்கள் அடித்தளம் போதும் என்று பயிற்சியாளர் ஜோ ஃப்ரீல் முதலானோர் கொள்கிறார்கள். பவர் மீட்டர் இல்லாதவர், காற்றில்லாத நாளில் வாட்டுக்குப் பதில் வேகத்தை வைத்தும் இதைச் செய்யலாம். துல்லியம் குறையும், போக்கு தெரியும்.

உப்புக்காற்று | ஜனவரி 10, இரவு 9:48

‘காற்றில்லாத நாளில்’ என்று கோவையிலிருந்து எளிதாகச் சொல்லிவிட்டீர்கள் அம்மா! கிழக்குக் கடற்கரைச் சாலையில் அப்படி ஒரு நாள் கிடைத்தால் எங்களுக்கும் சொல்லுங்கள்.

வேளச்சேரி நண்பருக்கு: இந்தச் சாலையில் வேகத்தை வைத்து உடற்தகுதியை அளக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒருவழி வேகத்தை ஒருபோதும் நம்பாதீர்கள். சென்று திரும்பிய மொத்தத்தை எடுங்கள். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. போகும்போது எதிர்காற்றில் 20, வரும்போது காற்று தள்ளி 30 என்றால் சராசரி 25 ஆகாது. மெதுவாகப் போன பக்கத்தில் அதிக நேரம் செலவாவதால் 24தான் வரும். ஆகவே காற்று பலமான நாளின் கோப்பு எப்போதும் உங்களைச் சற்றுக் குறைத்தே காட்டும். அந்த நாட்களை ஒப்பீட்டிலிருந்து நீக்கிவிடுங்கள்.

காற்றைவிடப் பெரிய தொல்லை புழுக்கம். இங்கே மார்ச்சுக்கு மேல் விடியற்காலையிலும் வியர்வை உலராது; சொட்டிக் கீழே விழும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை, ஆவியாகும் வியர்வைதான் குளிர்விக்கும். உடல் சூட்டை வெளியேற்ற இரத்தம் தோலுக்குத் திருப்பப்படுகிறது, நீரும் குறைகிறது, அதே உழைப்புக்குத் துடிப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. ஜனவரியில் 140க்கு ஓட்டிய வேகம் மே மாதத்தில் 150 கேட்டால், நீங்கள் நலிந்துவிட்டீர்கள் என்று பொருளல்ல. கார்மினின் உயர்நிலைக் கருவிகளில் 22 டிகிரிக்கு மேல் ஓட்டினால் வெப்பத்துக்குப் பழகும் அளவைக் கணக்கிடும் வசதி உண்டு. சென்னையில் 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது பெரும்பாலும் மார்கழி, தை மாத இரவிலும் விடியற்காலையிலும்தான். நாம் பிறப்பிலேயே அந்தப் பயிற்சியை முடித்தவர்கள். ஒன்று மட்டும்: கருவி காட்டும் வெப்பநிலையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், வெயில் நேராக அதன்மேல் விழுந்தால் சில டிகிரி கூட்டியே சொல்லும்.

வைகைக்கரை 58 | ஜனவரி 11, காலை 7:30

காற்று, புழுக்கம், உலர்ந்த பட்டை, ஒரு கால், இரண்டு கால். இத்தனை விலக்குகளையும் கழித்த பின் அந்தத் திரையில் மிஞ்சுவது என்ன? நான் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

சங்கிலி எண்ணெய் | ஜனவரி 11, காலை 11:10

நியாயமான கேள்வி ஐயா. மிஞ்சுவது இரண்டு.

ஒன்று, நினைவு. நம் மனம் நேற்றையதை நன்றாகவும் ஐந்து வாரத்துக்கு முந்தையதைத் தன் விருப்பப்படியும் நினைவில் வைக்கும். பயிற்சிச் சுமையின் கணக்கு அந்த நினைவுக்குத்தான் துணை. ஒரு மணி நேரம் உங்களால் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச உழைப்பை 100 புள்ளி என்று வைத்து ஒவ்வொரு நாளுக்கும் புள்ளி தருகிறார்கள். அதில் 42 நாள் எடைபோட்ட சராசரியை உடற்தகுதி என்றும், 7 நாள் சராசரியைக் களைப்பு என்றும், முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து வருவதைப் புத்துணர்ச்சி என்றும் அழைக்கிறார்கள். உடற்பயிற்சி ஆய்வாளர் எரிக் பானிஸ்டர் 1970களில் முன்வைத்த மாதிரியிலிருந்து, அதே துறையைச் சேர்ந்த ஆண்ட்ரூ காகன் வளர்த்தெடுத்தது இது. ஓர் எடுத்துக்காட்டு: இரண்டு சராசரியும் 50இல் இருக்கும் ஒருவர் இன்று 92 புள்ளிக்கு ஓட்டினால், உடற்தகுதி 51 ஆகும், களைப்பு 56 ஆகும். ஒரு நாள் உழைப்புக்கு வரவு ஒன்று, செலவு ஆறு! ஒரு வார ஓய்வில் அந்தச் செலவு பெரும்பாலும் கழிந்துவிடும், வரவு அவ்வளவு விரைவில் கரையாது. ஆறு வாரம் படுத்திருந்தவரின் வரைகோடு ஏன் ஒரே வாரத்தில் நிமிராது என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால் மனத்தில் பதியும். ஆனால் இதற்கு உங்கள் தூக்கமோ காய்ச்சலோ தெரியாது. உழைப்பு மட்டுமே தெரியும். அங்கேதான் உங்கள் நோட்டு வேண்டும்.

இரண்டாவது, மலை. ஏற்றத்தில் வேகம் குறைவதால் காற்றின் பங்கு சுருங்கிவிடும். எடையும் உயரமும்தான் பேசும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 82 கிலோ, 400 மீட்டர் உயரத்தை 30 நிமிடத்தில் ஏறினால், புவியீர்ப்பை எதிர்த்துச் செய்த வேலை மட்டும் சுமார் 179 வாட். பவர் மீட்டர் இல்லாதவருக்கு, மாதம் ஒருமுறை ஒரே மலையில், ஒரே துடிப்பில் ஏறிய நேரம் என்பது கிட்டத்தட்ட ஆய்வகம். வேளச்சேரிக்காரருக்கு அருகில் மலை இல்லை என்பது வேறு விஷயம்.

வேளச்சேரி விடியல் | பிப்ரவரி 12, இரவு 8:41

ஒரு மாதம் கழித்து வருகிறேன். உச்சத்தை 186 என்று திருத்தியதும், அதே முட்டுக்காட்டு ஓட்டத்துக்கு 61 என்று வந்த எண் 38 ஆகிவிட்டது. என் உடம்பில் எந்த மாற்றமும் இல்லை, ஒரு பெட்டியில் இரண்டு இலக்கம் மாறியது, அவ்வளவுதான். இதைப் பார்த்த பிறகு அந்த எண்ணைக் கட்டளையாக எடுத்துக்கொள்வதை விட்டுவிட்டேன்.

வைகைக்கரை ஐயா சொன்னபடி ஒரு நோட்டும் போட்டேன். அது பயன்பட்ட கதையைச் சொல்கிறேன். பிப்ரவரி முதல் ஞாயிறு, குழுவோடு மகாபலிபுரத்தையும் தாண்டி 100 கிலோமீட்டர் ஓட்டினேன். முந்தைய நாள் மகளுக்கு நிச்சயதார்த்தம். விருந்தினரை வழியனுப்பிப் படுக்கும்போது மணி பன்னிரண்டரை, எழுந்தது நாலரை. ஓட்டம் சுகமாகவே இருந்தது, துடிப்பும் கட்டுக்குள் இருந்தது, கருவி 41 மணி நேரம் என்றது. மறுநாள் காலை படுக்கையில் எண்ணினால் நாடி 67. அதற்கு முந்தைய இரண்டு வாரமும் 58, 59 என்றே எழுதியிருக்கிறேன். செவ்வாய் 66. புதன் 65. வெள்ளிக்கிழமைதான் 60க்கு இறங்கியது. கருவிக்கு என் மகளின் நிச்சயதார்த்தம் தெரியாதல்லவா! 41 மணி நேரக் கணக்குப்படி செவ்வாய் விடியலில் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை, கிளம்பவில்லை.

வைகைக்கரை 58 | பிப்ரவரி 12, இரவு 9:15

மகளுக்கு என் வாழ்த்துகள். நாடியோடு கூட, எழுந்ததும் உடல் எடையையும் எழுதுங்கள். நெடுந்தூரத்துக்கு மறுநாள் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள்; அந்த நாளின் நாடியைக் களைப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஸ்டெதஸ்கோப்பும் சைக்கிளும் | பிப்ரவரி 13, காலை 6:35

நல்ல முடிவு. ஆனால் ஜனவரி 8 அன்று நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மருதமலைச் சாலை | பிப்ரவரி 13, காலை 10:20

ஒரு சிறு யோசனை. முட்டுக்காடு வரை முழு ஓட்டத்தையும் ஒப்பிடாமல், நடுவில் சிக்னல் இல்லாத ஒரு பகுதியை மட்டும் எடுத்து, அங்கே அந்தப் பகுதியைத் தனியாகப் பதிவு செய்யும் லேப் பொத்தானை அழுத்தி, துடிப்பை 135க்கு மேல் போகவிடாமல் இருபுறமும் ஓட்டிப் பாருங்கள். வேகம் எதுவாக வருகிறதோ வரட்டும். நானும் முழங்கால் தேறிய காலத்தில் இப்படித்தான் செய்தேன். பார்க்க வேண்டிய எண்கள் குறைந்ததாலேயே பாதிக் கவலை குறைந்தது. நிறுத்தியதும் இரண்டு நிமிடம் அசையாமல் நின்று, துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சில கருவிகள் பதிவை நிறுத்தியதும் அதைத் தாமாகவே காட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நிற்க வேண்டும். ஒரு நாள் நின்றும் ஒரு நாள் இளநீர்க் கடை நாற்காலியில் சாய்ந்தும் எடுத்த எண்களை ஒப்பிட முடியாது.

வேளச்சேரி விடியல் | மார்ச் 10, காலை 9:05

மருதமலைச் சாலை அவர்கள் சொன்னபடியே செய்தேன். உத்தண்டிக்கு அப்பால், கோவளத்துக்குள் நுழையும் முன், ஐந்து கிலோமீட்டர் நீளப் பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். சென்று திரும்பினால் பத்து. துடிப்பு 135ஐத் தொட்டதும் மிதிப்பதைத் தளர்த்துவேன். முதல் முறை, பிப்ரவரி 18 அன்று, என்னைத் தாண்டிப் பால் கேன்களுடன் ஒரு பெரியவர் சாதாரண சைக்கிளில் போனார். திரும்பிப் பார்த்து, பங்க்சரா என்று வேறு கேட்டார். அன்றைய சராசரி 21.8. இன்று காலை அதே பத்து கிலோமீட்டர், அதே 135, சராசரி 23.9. இரண்டு நாளும் காற்று ஏறக்குறைய அடங்கியிருந்தது. இன்று புழுக்கம் கூடுதல் என்பதால் இந்த முன்னேற்றத்தை நம்பலாம் என்று நினைக்கிறேன். நின்றபின் இரண்டு நிமிடத்தில் இறங்கும் துடிப்பு 29இலிருந்து 40 ஆகியிருக்கிறது. படுக்கை நாடி 56.

கருவியின் முகப்புத் திரையில் முன்பு பத்துக் கட்டங்கள் இருந்தன. இப்போது துடிப்பு, நேரம், லேப் தூரம் என்று மூன்றே வைத்திருக்கிறேன். ரெகவரி எண் வந்தால் பார்ப்பேன். 50ஐத் தாண்டினால், பட்டை உலர்ந்திருந்ததா, தூக்கம் குறைந்ததா என்று நோட்டைப் புரட்டுவேன்.

மருத்துவர் ஐயா மன்னிக்க வேண்டும். ஈசிஜியும் எக்கோவும் ஜனவரி மூன்றாவது வாரமே, நீங்கள் எழுதியதைப் படித்த மனைவி கட்டாயப்படுத்தியதால், எடுத்துவிட்டேன். இரண்டும் இயல்பாக இருந்தன. இங்கே எழுதத்தான் மறந்தேன். அடுத்து, ஜூலையில் ஒரு 200 இருப்பதாகக் குழுவில் பேசுகிறார்கள். நான் இன்னும் பெயர் கொடுக்கவில்லை. மே மாதப் புழுக்கத்தில் அந்தப் பத்து கிலோமீட்டர் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஸ்டெதஸ்கோப்பும் சைக்கிளும் | மார்ச் 10, காலை 9:32

மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.